முப்பத்தொன்றாம் மனுதாரர்

மூன்றாம் பாடவேளை தொடங்கிப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. பள்ளியின் கணினி அறையில் உட்கார்ந்து, செண்பகவல்லி முப்பத்தொன்றாம் மனுதாரரிடம் அவருடைய வயதைக் கேட்டாள்.

"நாப்பத்தி நாலு. கார்டுல நாப்பத்தி ஏழுன்னு இருக்கும்," என்றது குரல். "நீங்க வக்கீலா?"

இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு என்றாள்.

"அப்பம் பாப்பான்னே கூப்பிடுதேன். வக்கீல்னா நான் எந்திரிச்சு நின்னுல்லா பேசணும்."

திரையில் முகம் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டமும் அதன் கீழே முப்பத்தொன்று என்ற எண்ணும் இருந்தன. பக்கத்து நாற்காலியில் பிரிட்டோ குறிப்பெடுத்தான். வயது என்று எழுதி, இரண்டு எண்களையும் போட்டு, இடையில் ஒரு கேள்விக்குறி வைத்தான்.

போட்டியின் பெயர் உரிமைக் களம். மாநில உரிமை உதவி மையம் ஆண்டுதோறும் நடத்தியது. இளையோர் அரசியலமைப்புச் சட்டம் தரும் உரிமைகளைத் தாமே தேடி அறிய வேண்டும் என்பது நோக்கம் என்று சுற்றறிக்கையில் இருந்தது. இருவர் கொண்ட அணி. ஒவ்வோர் அணிக்கும் ஒரு மனுதாரர். நான்கு வாரம் அவரிடம் பேசி, அவருடைய எந்த உரிமை எங்கே மீறப்பட்டது என்று கண்டுபிடித்து மனு எழுத வேண்டும். நவம்பர் இருபத்தாறு, அரசியலமைப்பு நாளன்று, மதுரையில் இறுதிச் சுற்று. வெல்லும் அணியில் இருவருக்கும் சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்புக்கு இடம்.

மனுதாரர்கள் மனிதர்கள் அல்லர். தொடக்க நாளன்று, போட்டியின் ஒருங்கிணைப்பாளர் ஹேமலதா இதை எல்லா அணிகளுக்கும் திரை வழியே விளக்கினார்.

"விசாரணைக் கைதி ஒவ்வொருத்தரையும் வக்கீல் நேர்ல போய்ப் பாக்க ஆள் பத்தலை. அதனால கைதி மூணு நாள் உக்காந்து ஒரு மெஷின்கிட்ட பேசுவார். மொத்தம் ஒன்பது மணி நேரம். அதை வச்சு அவரோட பிரதி ஒண்ணு தயாராகும். அப்புறம் வக்கீல் தன் மேசையில இருந்துகிட்டே பிரதிகிட்ட எது வேணும்னாலும் கேட்டுக்கலாம். கோர்ட்டும் கேக்கலாம். ஜெயில்ல இதுக்கு ரெட்டைன்னு பேரு."

ஒரு பள்ளியிலிருந்து யாரோ, இவர்கள் எல்லாம் இறந்தவர்களா என்று கேட்டார்கள்.

"இல்லப்பா. வழக்கு முடிஞ்சு வெளிய போனவங்க. பேரையும் ஊரையும் மட்டும் எடுத்துட்டோம். அவங்க யாருன்னு நீங்க தேடக் கூடாது. ஏழாவது விதி. தேடினா தகுதி நீக்கம்."

பிரிட்டோ முதல் நாளிலிருந்தே மனுதாரரை 'அது' என்றான். செண்பகவல்லி 'அவர்' என்றாள். யாரும் யாரையும் திருத்தவில்லை.

வழக்கு சிறியது. ஒரு தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் வயர் திருடு போனது. மறுநாள் காலை அந்த வழியாக வந்தவரைப் பிடித்தார்கள். மனுதாரர் தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுபவர். இரவு லோடு ஏற்றிவிட்டுக் குறுக்குப் பாதையில் நடந்து வந்ததாகச் சொன்னார். கையில் வயர் இல்லை. கத்தரி இருந்தது. அட்டைப் பெட்டியின் நாடாவை வெட்டும் கத்தரி.

எண்பதாவது நாள் ஜாமீன் கிடைத்தது. ஆனால் வெளியே வர முடியவில்லை. இரத்த சம்பந்தமுள்ள இருவர் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவில் இருந்தது.

"உள்ள இருக்கையில எனக்கு ரத்த சம்பந்தம்னா கொசுதான் பாப்பா," என்றது குரல். பிரிட்டோ சிரித்துவிட்டான். பிறகு, இதைக் குறிப்பில் எழுதலாமா என்று செண்பகவல்லியைக் கேட்டான்.

மனைவி இல்லை. பிள்ளை இல்லை. ஓர் அண்ணன் உண்டு. வரப்பு ஒரு சாண் நகர்ந்ததில் எட்டு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று செண்பகவல்லி கேட்டாள். அடுத்ததைக் கேளுங்க பாப்பா என்றது குரல். அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

முதல் இரண்டு வாரம் அவர்கள் ஜாமீன் நிபந்தனையை எதிர்த்து மனு எழுதினார்கள். வாழ்வுரிமை, தனிமனித சுதந்திரம், இருபத்தொன்றாம் பிரிவு. எழுதி முடித்ததும், இதைத்தான் எல்லா அணியும் எழுதும் என்று பிரிட்டோ சொன்னான். செண்பகவல்லிக்கும் அப்படித்தான் தோன்றியது. கோப்பை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

வழக்கு எப்படி முடிந்தது என்பது கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியாக இருந்தது. ஜூன் ஒன்பதாம் தேதி மனுதாரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதுவரை சிறையில் இருந்த நாட்களே தண்டனையாகக் கொள்ளப்பட்டு, விடுதலை செய்யப்பட்டார். அன்று பிற்பகல் மட்டும் நாற்பத்தொரு பேர் அதே முறையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒப்புக்கொண்டவர் என்ற கட்டத்தில், நாற்பத்தொரு இடத்திலும், பிரதி என்று இருந்தது.

மறுநாள் அவள் கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க எடுக்கலன்னுதான சொன்னீங்க?"

"எடுக்கல."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"ஒத்துக்கிட்டா இருந்த நாளக் கழிச்சு விட்டுருவாகன்னு வக்கீலம்மா சொன்னாக. நான்தான் அப்பிடி ஒரு நெனப்பு இருக்குன்னு முன்னமே சொல்லியிருக்கேன்லா."

எப்போது சொன்னார் என்று தேடினார்கள். ஒன்பது மணி நேரப் பதிவின் எழுத்து வடிவம் முந்நூறு பக்கம் இருந்தது. இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு மூன்று நாள் படித்தார்கள். பிரிட்டோவின் பங்கில், இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் அது கிடைத்தது. ஊரில் கோயில் கொடை நடக்கும் மாதம் எது என்று இயந்திரம் கேட்கிறது. அவர் சொல்கிறார். பிறகு, கேட்காமலே, ஒத்துக்கிட்டாவது போயிரலாமான்னு இருக்கு என்கிறார். உடனே மழை பற்றிப் பேசத் தொடங்குகிறார். ஒன்பது மணி நேரத்தில் அந்த ஒரு முறைதான்.

மனுவைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். இருபதாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் அவருக்கு எதிராக அவரே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. பிரதி சொன்னது அவர் சொன்னதா? மாவட்டச் சுற்றிலும் மண்டலச் சுற்றிலும் இந்த ஒரு கேள்வியை வைத்தே அவர்கள் மேலே வந்தார்கள். வேறெந்த அணியும் இதைத் தொடவில்லை.

நவம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை. இறுதிச் சுற்றுக்கான மனுவில், அவர் சிறையில் இருந்த மொத்த நாட்களைச் சரியாகப் போட வேண்டியிருந்தது. உள்ளே வந்த தேதி கைது ஆவணத்தில் இருந்தது. வெளியே போன தேதிக்குச் சிறையின் வாயில் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். போட்டியின் ஆவணப் பக்கத்தில் அதற்கு விண்ணப்பித்தார்கள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. பதிவு இல்லை.

பெயரை எடுக்கும்போது அதுவும் விடுபட்டிருக்கும் என்றான் பிரிட்டோ. செண்பகவல்லி ஜூன் ஒன்பது அன்று ஒப்புக்கொண்ட மற்ற நாற்பது எண்களுக்கும் விண்ணப்பித்தாள். நாற்பதுக்கும் பதிவு வந்தது. வாயிலைக் கடந்த தேதி, நேரம், இடது கைப் பெருவிரல் ரேகை. எல்லோரும் ஜூன் பத்தாம் தேதி காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் போயிருந்தார்கள்.

அவள் முப்பத்தொன்றை அழைத்தாள்.

"அண்ணாச்சி, உத்தரவு வந்ததும் என்ன பண்ணுனீங்க?"

"பெற்றுக்கொண்டேன்னு சொல்லச் சொன்னாக. சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, விடுதலைதான்."

"எந்த பஸ்ல ஏறுனீங்க?"

வட்டம் அப்படியே இருந்தது.

"அது தெரியல பாப்பா."

"கேட்டத் தாண்டி வெளிய வந்தது ஞாபகம் இருக்கா?"

"விடுதலைன்னு எழுதியிருக்குல்லா," என்றது குரல். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னது.

பிரிட்டோ திரையை அணைத்தான்.

பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு, சைக்கிள் கொட்டகையின் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. இருவரும் அங்கே நின்றார்கள். அவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று செண்பகவல்லி சொன்னாள். இருக்கலாம் என்றான் பிரிட்டோ. இருக்கலாம் இல்லை, இருக்கிறார் என்றாள். ஜூன் பத்து முதல் இன்று வரை நூற்று அறுபத்தொரு நாள். மையத்துக்கு உடனே சொல்ல வேண்டும் என்றாள்.

பிரிட்டோ ஏழாம் விதியை நினைவூட்டினான். அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துச் சொல்வதும் தேடியதுதான். சொன்ன நிமிடமே வெளியே போட்டுவிடுவார்கள். அவன் அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவனைத் திருப்பூர் பனியன் கம்பெனியில் சேர்ப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவனுடைய அண்ணன் அங்கேதான் இருந்தான். அறைகூடப் பார்த்தாயிற்று. செண்பகவல்லியின் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநர். அவள் எப்படியும் ஏதாவது ஒரு கல்லூரிக்குப் போய்விடுவாள். இருவருக்கும் இது தெரியும். அவன் அதைச் சொல்லவில்லை.

"ஒம்போது நாள்தான் செண்பா," என்றான். "இருபத்தாறாம் தேதி பரிச வாங்கிட்டுக் கீழ எறங்குதோம். அந்த நிமிசமே சொல்லிருவோம். நானே சொல்லுதேன்."

"ஒம்போது நாளும் அவரு உள்ள இருப்பாரு."

"அஞ்சு மாசம் இருந்துட்டாரு."

அவன் முதல் முறையாக 'அவரு' என்றது அவளுக்குக் கேட்டது. மழை குறைந்தது. அவன் சைக்கிளை எடுத்தான்.

"நீ சொல்லணும்னா சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்," என்றான். பிறகு, "நெனைப்பேன்தான். ஆனா ஒங்கிட்டச் சொல்ல மாட்டேன்," என்றான்.

"சரி," என்றாள் செண்பகவல்லி. எதற்குச் சரி என்று அவன் கேட்கவில்லை.

அன்று மாலை அவள் மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். ஆறு வரி. அதை வரைவில் போட்டு வைத்தாள். புதன்கிழமை அதில் ஒரு சொல்லை மாற்றினாள். வியாழக்கிழமை மாற்றியதைத் திரும்ப மாற்றினாள். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

அந்த நாட்களில் மனுதாரரிடம் பிரிட்டோ மட்டும் பேசினான். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று குரல் கேட்டதாக வந்து சொன்னான். பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சொல்லியிருந்தான்.

மதுரையில் இறுதிச் சுற்று ஒரு கல்லூரி அரங்கில் நடந்தது. இருநூறு பேர் இருந்தார்கள். மூன்று நடுவர்கள். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. தொடக்கத்தில் எல்லோரும் எழுந்து நின்று அரசியலமைப்பின் முகப்புரையை வாசித்தார்கள். எதிரணி, கடற்கரை ஊர் ஒன்றின் பள்ளி. அரசுத் தரப்பு அவர்களுக்குக் குலுக்கலில் விழுந்திருந்தது. நன்றாகத் தயாரித்திருந்தார்கள். வக்கீல் தன் கட்சிக்காரருக்காகப் பேசலாம் என்றால் பிரதியும் பேசலாம், கைதி அதற்குச் சம்மதித்து ரேகை வைத்திருக்கிறார், பிரதி அவர் சொல்லாத எதையும் சொல்லவில்லை என்றார்கள்.

பிரிட்டோ சட்டத்தைப் பேசினான். அவன் குரல் அரங்கின் கடைசி வரிசைவரை போனது. பிறகு செண்பகவல்லி எழுந்தாள். அவள் இரண்டு நிமிடம்தான் பேசினாள்.

"மனுதாரர் அந்தச் சொல்லைச் சொன்னார். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஒரு மனிதர் ஒன்றைச் சொல்லிவிட்டு மறுநாள் அதைச் செய்யாமல் இருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் இருக்கிறோம். சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் அவருக்கு ஓர் இரவு இருக்கிறது. பிரதிக்கு அந்த இரவு இல்லை. அது இல்லாத ஒன்றை அவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது."

நடுவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல வாதம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் மனுதாரர் ஜூன் மாதமே விடுதலை ஆகிவிட்டார். வீட்டில் இருக்கிறார். நாங்கள் இன்று அவருக்குத் தர வேண்டிய நிவாரணம்தான் என்ன?"

பிரிட்டோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேசைக்கு அடியில் அவன் கால் ஆடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றது. செண்பகவல்லி தண்ணீர் குடித்தாள். தம்ளரை வைத்தாள்.

"குற்றவாளி என்ற பதிவை நீக்க வேண்டும், ஐயா," என்றாள்.

"அது போதுமா?"

"மனுவில் அதைத்தான் கேட்டிருக்கிறோம்."

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

நான்கு மணிக்கு முடிவு சொன்னார்கள். அவர்கள் வென்றார்கள். மேடையில் படம் எடுத்தார்கள். பிரிட்டோவின் அப்பா ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்றிருந்தார். மகன் இறங்கி வரும்வரை அவர் உட்காரவில்லை.

பிரிட்டோ சொன்னபடி செய்தான். மேடையிலிருந்து இறங்கியதும் நேரே ஹேமலதாவிடம் போனான். அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவன் இரண்டு வாக்கியம் சொன்னான். அவர் அடுக்குவதை நிறுத்தினார். மீதியைச் செண்பகவல்லி சொன்னாள். கோப்பை நீட்டினாள். ஹேமலதா நின்றுகொண்டே படித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாருக்கோ போன் செய்தார். இன்னொருவருக்குச் செய்தார். மூன்றாவது போனில் அரை மணி நேரம் காத்திருந்தார். போனை வைத்தபோது அரங்கில் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கார்," என்றார்.

எப்படி என்று செண்பகவல்லி கேட்டாள்.

"மத்தவங்க நாப்பது பேருக்கும் வக்கீல் ஆபீஸ்ல இருந்து உத்தரவை ஜெயிலுக்கு அனுப்பி, கைதி கையிலயே குடுத்திருக்காங்க. இவரோட உத்தரவு மட்டும் பிரதிக்குப் போயிருக்கு. அது பெற்றுக்கொண்டேன்னு சொல்லிருச்சு. அவ்வளவுதான். சிஸ்டத்துல ஆள் வெளிய போயாச்சு."

"உள்ள தெனமும் எண்ணுவாங்கள்ல மேடம்?" என்றான் பிரிட்டோ.

"நானும் அதைத்தான் கேட்டேன். ஸ்கிரீன்ல அறுபத்திரண்டு, பிளாக்ல அறுபத்திமூணு. ஆள் குறைஞ்சாத்தான் மணி அடிப்பாங்களாம். கூடினா அடிக்கிறதில்லையாம். எண்ணுறவர் ஸ்கிரீன்ல இருக்கிறதையே எழுதிட்டுப் போயிருக்கார்." அவர் கோப்பை மூடினார். "அவர் கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கார். உன் ரெட்டை பாத்துக்கும், போய் உக்காருன்னு சொல்லியிருக்காங்க."

தகுதி நீக்கம் உண்டா என்று பிரிட்டோ கேட்டான். கையில் இருந்த பரிசுப் பலகையை அவன் மேசைமேல் வைத்திருந்தான்.

ஹேமலதாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏழாவது விதியா? அது யாராவது போய்க் கைதி வீட்டுக் கதவத் தட்டிரக் கூடாதுன்னு வச்சதுப்பா. நீங்க பதிவேடு கேட்டிருக்கீங்க. அதுக்கு நாங்களே ஒரு பக்கம் வச்சிருக்கோம்," என்றார். சற்றுப் பொறுத்து, "இதுக்கெல்லாம் யாராவது வெளிய போடுவாங்களா? ஒரு போன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும்," என்றார்.

பிரிட்டோ பலகையை எடுத்துக்கொள்ளவில்லை. அவன் அப்பா வந்து எடுத்துக்கொண்டார்.

விடுதலை சனிக்கிழமை காலை என்று தகவல் வந்தது. அவரை அழைத்துப் போக ஆள் யாரும் இல்லை, மையத்திலிருந்து ஓர் எழுத்தர் வருவார் என்று ஹேமலதா சொல்லியிருந்தார். செண்பகவல்லி வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பேருந்து நிலையத்தில் பிரிட்டோ நின்றிருந்தான். இரண்டு பேருந்து மாறிப் போனார்கள். வழியில் அதிகம் பேசவில்லை. கரிசல் காட்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

சிறை வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடையும் ஜெராக்ஸ் கடையும் இருந்தன. எழுத்தர் இன்னும் வரவில்லை. எட்டே காலுக்குப் பெரிய கதவில் இருந்த சின்னக் கதவு திறந்தது. காவலர் ஒருவர் பெயரைச் சொல்லி, தலையைக் குனிந்து போகச் சொன்னார். பெயர் சொரிமுத்து. செண்பகவல்லி அதை அன்றுதான் கேட்டாள்.

வெளியே வந்தவர் நெட்டையாக இருந்தார். குட்டையாக இருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. கதவு மூடிய பிறகும் அவர் அங்கேயே நின்றார். எந்தப் பக்கம் போவது என்று பார்ப்பதுபோல் இருந்தது.

அவள் அருகில் போய், "அண்ணாச்சி," என்றாள்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"நீங்க யாரும்மா?"

அதே குரல். அவளுக்கு அவருடைய அண்ணனைத் தெரியும். நகர்ந்த வரப்பைத் தெரியும். கொடை நடக்கும் மாதம் தெரியும். பள்ளியில் படிக்கிறோம், உங்கள் வழக்கை ஒரு போட்டிக்காகப் படித்தோம் என்று சொன்னாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். வக்கீலிடம் நிற்பதுபோல் நின்றார். உட்காரலாம் என்று பிரிட்டோ சொன்னான். டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். பிரிட்டோ டீ சொன்னான்.

"அப்பம் என்னைய வெளிய கொண்டுட்டு வந்தது நீங்கதானா?"

இருவரும் பதில் சொல்லவில்லை. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு கையையும் குவித்தார். செண்பகவல்லி பதறி அவர் கையை இறக்கிவிட்டாள்.

அவர் டீயை ஊதிக் குடித்தார். உள்ளே இருந்த அதிகாரி நேற்றுக் கூப்பிட்டு ஏதோ படித்துக் காட்டியதாகச் சொன்னார். பாதி விளங்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும் என்றார்.

"நான் ஒத்துக்கிட்டேன்னு எழுதியிருக்காமே. நான் ஒத்துக்கிட்டேனாம்மா?"

நீங்கள் இல்லை, பிரதி என்று செண்பகவல்லி சொன்னாள். பதிவை நீக்க மையம் உண்மையான மனு போடும் என்றாள். அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். நீங்களேதான்.

"ரெட்டை சொல்லிட்டானா," என்றார். சிரித்தார். "எனக்கே சொல்லணும்னு இருந்துச்சு, ஒரு நாளு. மறுநா விடிஞ்சதும் போயிருச்சு. செய்யாதத எப்பிடிச் செஞ்சேன்னு சொல்லுதது?"

ஒரு பேருந்து வந்து நின்று போனது. அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கி எண்ணினார். ஆனியில் தொடங்கினார். ஆடி, ஆவணி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஐப்பசியில் நிறுத்தி, தீபாவளிக்கு உள்ளே ஒரு லட்டு கொடுத்தார்கள் என்றார். கார்த்திகையில் விரல் நின்றது.

"அஞ்சரை மாசம் நான் அங்க இருக்கேங்கறது ஒருத்தருக்கும் தெரியல," என்றார். "ஒங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. படிச்ச பிள்ளைக."

பிரிட்டோ எழுந்துபோய்க் கடைக்காரரிடம் நின்றான். செண்பகவல்லி எழவில்லை.

அவர் குறை சொல்லும் முகத்தோடு இல்லை. இனி ஊரில் யாராவது கேட்டால் சொல்வதற்கு எல்லாவற்றையும் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப்போல் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இந்த வெவரம் ஒங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சதும்மா?"